பேச்சு வருகிற வரைக்கும்

என் தங்கையின் நாத்தனாருக்கு ஒரு பெண் குழந்தை. அப்போது அதற்கு ஒரு வயது நிறையவில்லை. அந்தக் குழந்தைக்குப் பேச்சு வருவதற்கு முன்பே சைகை மொழி கற்றுக்கொடுப்பதற்காக, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கொண்டோமினியத்தின் மேல்மாடியில் சனிக்கிழமைதோறும் வகுப்பு நடந்தது. பால் வேண்டுமென்றால் கையை இப்படிச் செய்ய வேண்டும், போதும் என்றால் இப்படி, இன்னும் வேண்டுமென்றால் இப்படி. பேசத் தெரியாத பிள்ளை வீணாக அழ வேண்டியதில்லையாம். மூளை சுறுசுறுப்பாகுமாம். பிறகு பேச்சும் தடையில்லாமல் வருமாம். நல்ல காரியம்தான். எனக்கு அதில் ஒரு ஆட்சேபனையும் கிடையாது.

என் தங்கைக்கும் ஒரு பிள்ளை, ஆண் பிள்ளை. இரண்டு குழந்தைகளுக்கும் சில வாரங்கள்தான் வித்தியாசம். தங்கைக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அவள் கணவருக்கும் கேட்காது. பிள்ளைக்கு நன்றாகக் கேட்கும். கிளினிக்கில் சோதித்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அவளும் தன் பிள்ளைக்குச் சைகை மொழிதான் கற்றுக்கொடுத்தாள். அதற்காக அந்தப் பிள்ளையை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டு போய், கிள்ளானை அடுத்த மேரு என்ற ஊரில் மாமியார் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். அவனுக்குப் பேச்சு வருகிற வரைக்கும் என்றார்கள்.

இரண்டும் ஒரே குடும்பத்தில், ஒரே மாதத்தில் நடந்தவை. இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கேட்டவர்கள் பலபேர், விடுங்கள், பெரியவர்கள் ஏதோ நல்லதுக்குத்தான் செய்திருப்பார்கள் என்றார்கள். நல்லதுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு எதை வேண்டுமானாலும் செய்யலாம் போலிருக்கிறது.

தங்கையும் அவள் கணவரும் கிள்ளானில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஃபிளாட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். அவள் பண்டமாரானில் ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறாள். அவர் மேருவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறார். தங்கை கணவர் என்பதால் நான் அவரை மாப்பிள்ளை என்றுதான் சொல்வேன். சொல்லி அவருக்குக் கேட்கப்போவதில்லை, ஆனால் என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு சிரிப்பார்.

பிள்ளை பிறந்த நாளிலிருந்து தங்கை அவனோடு கையால் பேசிக்கொண்டே இருந்தாள். குளிப்பாட்டும்போது, துணி மாற்றும்போது, சன்னலுக்கு வெளியே கொமுட்டர் ரயில் போகும்போது, எல்லாவற்றுக்கும் கை. தூங்கும்போது அவன் வயிற்றின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் படுப்பாள். அவன் அழுதால் அந்தக் கைக்குத் தெரிந்துவிடும். சத்தம் போட்டால் ஓடி வருகிற அம்மாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவள் அளவுக்குப் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்ததில்லை. கண்ணை எடுத்தால் அவன் சொல்வது அவளுக்குத் தெரியாது அல்லவா.

எட்டாவது மாதம் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு வாழையிலைக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். அவளிடமிருந்து வீடியோ கால். அவளும் நானும் போனில் பேசுவதென்றால் அப்படித்தான், போனை எதிலாவது சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கையாலும் பேசுவோம். அன்று அவள் பேசவில்லை. போனைப் பிள்ளை பக்கம் திருப்பினாள். அவன் தரையில் உட்கார்ந்துகொண்டு, சின்ன முஷ்டியை மூடி மூடித் திறந்தான். பால். பால் வேண்டும் என்கிறான். நான் சாம்பார்க் கையோடு எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் என்ன பாஸ் என்றார். என் தங்கை மகன் பேசிவிட்டான் என்றேன். அவரும் பாவம், போனை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

அடுத்த வாரம் அம்மாவைக் கூப்பிட்டான். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். காது கேளாதவர்கள் ஒருவரை ஒருவர் எழுத்துக் கூட்டிக் கூப்பிட மாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் கையால் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். பள்ளிக்கூடத்திலோ நண்பர்களோ வைத்த பெயர். நெற்றித் தழும்பு, சுருட்டை முடி, நடக்கிற விதம் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்து வைப்பார்கள். என் தங்கைக்குச் சிரித்தால் கன்னத்தில் குழி விழும். அதனால் இரண்டு விரலால் நம் கன்னத்தில், குழி விழுகிற இடத்தில் தட்டினால் அது அவள் பெயர். நானும் அவளைச் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறேன். மாப்பிள்ளையும் அப்படித்தான் கூப்பிடுகிறார். அதைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளையும் பிடித்துக்கொண்டான். ஆனால் அந்த வயதுப் பிள்ளைக்கு இரண்டு விரலை மட்டும் நீட்ட வராது. வாய்க்கு மழலை இருக்கிறமாதிரி கைக்கும் மழலை உண்டு. அவன் முழு உள்ளங்கையால் பட்பட்டென்று தன் கன்னத்தில் தட்டுவான். தட்டிவிட்டு அவள் திரும்புகிறாளா என்று பார்ப்பான். அவள் திரும்பினால் ஒரே சிரிப்பு.

தங்கைக்கு விடுப்பு முடிந்து, பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்காவும் வீடு மாறிப் போனபோது மாமியார் முன்வந்தார். வாரநாட்களில் நான் பார்த்துக்கொள்கிறேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து கூட்டிக்கொண்டு போகட்டும் என்றார். இங்கே முக்கால்வாசி வீடுகளில் அப்படித்தான். ஒன்றும் தப்பில்லை. இரண்டு வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டும் வந்தார்கள். மூன்றாவது வெள்ளிக்கிழமை பிள்ளையைத் தரவில்லை. நான் விஷயம் கேள்விப்பட்டு மேருவுக்குப் போனேன். தங்கையின் மாமியாரை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை தேநீர் கொடுத்து உட்கார வைத்துத்தான் பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. அங்க ரெண்டு பேரும் பேச மாட்டாங்க. புள்ள யார பார்த்து பேசக் கத்துக்கும்? இப்பவே பாருங்க, எது வேணும்னாலும் கையத்தான் ஆட்டுறான். வாய தொறக்க மாட்டேங்கிறான். எங்கிட்டயே இருக்கட்டும் லா. பேச்சு வந்ததும் கூட்டிட்டு போகட்டும்."

ஒன்பது மாதப் பிள்ளை எந்த ஊரில் வாயைத் திறந்து பேசியிருக்கிறது? கேட்டேன். காது கேட்கிறது, நான் வருகிறேன், அக்கம்பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், நாளைக்கு நர்சரிக்குப் போவான், பேச்சு தன்னால் வரும் என்றேன். வாரத்தில் ஒருநாள் நீங்கள் வந்து பேசினால் போதுமா என்று கேட்டார். அவர் வீட்டில் காலையிலிருந்து டிவி ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளையை அதற்கு முன்னால் ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். பேச்சு கேட்கட்டும் என்றுதான். சீரியலில் இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் அதைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அத்தையின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. மாப்பிள்ளைக்குக் காது கேட்காது என்று தெரிந்த காலத்தில், கையை அசைக்கவிட்டால் வாய் வராது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் மகன் கையைத் தூக்கும்போதெல்லாம் தட்டித் தட்டி வளர்த்தார். வாயும் வரவில்லை. கடைசியில் வளர்ந்து வேலைக்குப் போன இடத்தில்தான் மாப்பிள்ளை சைகை மொழி கற்றுக்கொண்டார். அவர் அம்மா இன்றுவரை கற்றுக்கொள்ளவில்லை. மகனிடம் சொல்ல வேண்டியதைச் சத்தமாகச் சொல்வார், புரியாவிட்டால் இன்னும் சத்தமாகச் சொல்வார். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வார். நான் பல தடவை கவனித்திருக்கிறேன். பயம் புரிகிறது என்பதற்காக, ஒரு தடவை செய்த தப்பை அடுத்த தலைமுறைக்கும் செய்யவிட வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம் என்று தங்கைக்கு அனுமதி கொடுத்தார்கள். பெற்றவளுக்கு அனுமதி! அதற்கும் ஒரு நிபந்தனை. பிள்ளைக்கு முன்னால் கையை அசைக்கக் கூடாது. தூக்கலாம், கொஞ்சலாம், ஊட்டலாம், கையால் பேசக்கூடாது. அவன் கன்னத்தில் தட்டினால் பதிலுக்கு எதுவும் செய்யக் கூடாது, அப்போதுதான் மறப்பான். முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போயிருந்தேன். அவள் சோபாவில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அவன் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்று கன்னத்தில் தட்டினான், தட்டினான், தட்டிக்கொண்டே இருந்தான். உங்களை யாராவது அம்மா அம்மா என்று கூப்பிட, வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கச் சொன்னால் எப்படி இருக்கும்?

வெளியே வந்ததும் அவளைத்தான் திட்டினேன். போலீசுக்குப் போகலாம், வக்கீலைப் பார்க்கலாம், இப்போதே உள்ளே போய்த் தூக்கிக்கொண்டு வரலாம், என்ன செய்வார்கள் பார்ப்போம் என்று காருக்குள் கைகளைக் கன்னாபின்னாவென்று வீசினேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள். அவர்கள் சொல்வது உண்மையாக இருந்தால்? என்னால் அவனுக்குப் பேச்சு வராமல் போய்விட்டால்? நாளைக்கு அவன் என்னைக் கேட்டால்?

அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. பிள்ளையை எடுத்துக்கொண்டார்கள் என்பது ஒரு பக்கம். அவன் நல்லதுக்கு அவளே தள்ளி இருக்க வேண்டும் என்று அவளையே நம்ப வைத்துவிட்டார்களே, அதற்கு என்ன தண்டனை கொடுப்பது? இப்படியே ஒரு வருடம் போனால் அவன் அவளை மறந்துவிடுவான். அவனுக்குப் பேச்சு வந்திருக்கும், ஆனால் அவளோடு பேச ஒன்றும் இருக்காது.

இந்த நேரத்தில்தான் நாத்தனார் எனக்குப் போன் செய்தார். பிரிக்பீல்ட்ஸ் வகுப்பில், உண்மையாகவே சைகை மொழி பேசுகிற ஒருவர் வந்து அம்மாக்களுக்குக் காட்டினால் நன்றாக இருக்கும் என்று டீச்சர் கேட்டாராம். உங்க தங்கச்சிய கூட்டிட்டு வர முடியுமா அண்ணே என்றார். எனக்கு வந்த கோபத்துக்குப் போனைத் தூக்கிப் போட்டிருப்பேன். ஆனால் தங்கை வருகிறேன் என்றாள். அன்றைக்கு மாமியாரும் வருவார், பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வருவார் என்று ஒரு நப்பாசை. நல்ல சுடிதாராகப் பார்த்துப் போட்டுக்கொண்டு கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்தாள்.

பிள்ளையைக் கொண்டுவரவில்லை. வெயில், அலைச்சல் வேண்டாம் என்று மாமியாரும் அவனோடு வீட்டிலேயே இருந்துவிட்டாராம்.

ரப்பர் விரிப்பு போட்ட அறை. ஏழெட்டு அம்மாக்கள், ஏழெட்டுக் குழந்தைகள். சுவரில் படம் போட்ட பெரிய அட்டை. டீச்சர் பாட்டு போட்டு, பால் பால் என்று கையை மூடித் திறக்க, அம்மாக்களும் மூடித் திறந்தார்கள். நாத்தனாரின் பெண் குழந்தை எதேச்சையாகக் கையை மூடியதும் அறையே கைதட்டியது. நாலைந்து போன்கள் மேலே வந்தன. அதே முஷ்டி. அதே பால். என் தங்கை மகன் இரண்டு மாதத்துக்கு முன்னால் யாரும் பாட்டுப் போடாமலே சொன்னது. பிறகு தங்கையைக் கூப்பிட்டு நடுவில் நிற்க வைத்தார்கள். ஆப்பிள், பூனை, நன்றி என்று கேட்கக் கேட்க அவள் செய்து காட்டினாள். எங்க வீட்டுப் பெண் என்று நாத்தனார் பெருமையாக எல்லாரிடமும் சொன்னார். அது பொய்யில்லை, மனதாரத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

முடிந்ததும் லிப்டுக்குப் பக்கத்தில் நிறுத்திக் கேட்டேன். கையை அசைத்தால் உங்கள் பிள்ளைக்குப் பேச்சு சீக்கிரம் வரும், என் தங்கை பிள்ளைக்கு மட்டும் நின்றுபோகுமா? அவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"அது வேற, இது வேற அண்ணே. எங்க பாப்பாவுக்கு இது எக்ஸ்ட்ரா. அவங்களுக்கு இத விட்டா வேற இல்ல."

சிரித்த முகத்தோடு சொன்னார். படித்தவர், நல்ல வேலையில் இருப்பவர், யாருக்கும் கெட்டது நினைக்காதவர். இருக்கிறவர்கள் செய்தால் கலை, இல்லாதவர்கள் செய்தால் குறை. இதைத்தான் அவர் சொன்னார். இதைச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

ரயில் நிலையத்தில் தங்கையிடம் வகுப்பு எப்படி இருந்தது என்று கேட்டேன். ஒருத்திக்கும் கை தெளிவில்லை என்றாள், வாய் நிறைய வெற்றிலையைப் போட்டுக்கொண்டு பேசுகிறமாதிரி இருக்கிறது என்றாள். இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று திரும்பி நின்றுகொண்டாள். எனக்குத் தெரியும். பேச வேண்டாம் என்றால் அவள் திரும்பி நின்றால் போதும், பின்னாலிருந்து என்ன கத்தினாலும் போய்ச் சேராது.

அதற்குச் சில நாள் கழித்து அந்த வீடியோ வந்தது. சாயங்காலம் நான் கிள்ளானில் அவள் வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளை அப்போதுதான் வேலை முடிந்து வந்து குளித்துக்கொண்டிருந்தார். குடும்ப வாட்சாப் குழுவில் அத்தை போட்டிருந்தார். வீட்டுச் சாமி மேடையில் விளக்கு எரிகிறது. அத்தையின் இடுப்பில் பிள்ளை. நெற்றியில் பெரிதாகத் திருநீறு. அவன் முன்னால் பார்த்துக்கொண்டு உள்ளங்கையால் கன்னத்தில் பட்பட்டென்று தட்டுகிறான். கன்னத்தில் போட்டுக்கொள்கிறான்! யாரும் சொல்லித் தராமல் சாமி கும்பிடுகிறான்! அத்தையின் குரலில் ஆனந்தம் தாங்கவில்லை. இன்னொரு தடவ போடு, சாமிகிட்ட மன்னிப்பு கேளு என்கிறார். அவன் இன்னும் வேகமாகப் போடுகிறான். குழுவில் ஒரே கும்பிடு. பூர்வ ஜென்மப் புண்ணியம் என்று ஒருவர். என் கண்ணே பட்டுவிடும், சுற்றிப் போடுங்கள் என்று இன்னொருவர்.

தங்கைக்குக் குரல் கேட்காது, கீழே வந்த எழுத்துகளையும் அவள் படிக்கவில்லை. வீடியோவை மட்டும் பார்த்தாள். மறுபடி ஓட்டினாள். பிறகு விரலால் திரையின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். சாமி மேடைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சட்டத்தின் மூலை தெரிந்தது. அது என்ன என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டுக்குப் போனவர்கள் எல்லாருக்கும் தெரியும். அங்கே மாட்டியிருப்பது தங்கையின் கல்யாணப் படம். பிள்ளையின் கண் விளக்கின்மேல் இல்லை, சாமியின்மேலும் இல்லை. அந்த மூலையில் இருந்தது.

என்னைக் கூப்பிடுகிறான் என்றாள். ரொம்பச் சின்னதாக, மடியிலேயே கையை வைத்துக்கொண்டு சொன்னாள். படத்திலிருந்து நான் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று அவனுக்குத் தெரியவில்லை என்றாள்.

நான் அங்கேயே அத்தைக்குப் போன் செய்து கத்தினேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், மரியாதையாகப் பேசவில்லை. அத்தை அழுதுவிட்டார். பச்சைப் பிள்ளை சாமி கும்பிடுவதைப் போய் இப்படிக் கொச்சைப்படுத்தலாமா என்றார். நாத்தனார் போனை வாங்கி, வகுப்பு அட்டையில் அம்மாவுக்கு அப்படிச் சைகை கிடையாது அண்ணே என்றார். அது அம்மா என்ற சொல் இல்லை, அது இவள் பெயர், கையில் ஆளாளுக்கு ஒரு பெயர் உண்டு, அத்தையிடமும் சொல்லுங்கள் என்றேன். இவள் பெயர் எந்த அட்டையில் இருக்கும்? நீங்கள் ஆத்திரத்தில் பேசுகிறீர்கள், அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டார்கள். அதன்பிறகு எனக்கும் அந்த வீட்டுக்கும் பேச்சு இல்லை.

ஆனால் பதினோராம் மாதம் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மடிக்கு வேறு ஆள் வைக்க முடியாது. அதனால் அவர்களே போன் செய்து முறைப்படி அழைத்தார்கள். நான் சீர்த்தட்டு, தோடு எல்லாம் வாங்கிக்கொண்டு போனேன். வீட்டுக்கு முன்னால் கூடாரம் போட்டிருந்தார்கள். உறவு, தாமான் குடியிருப்பு ஆட்கள் என்று நல்ல கூட்டம். தங்கை கடைசி வரிசையில், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். விருந்தாளிகள் பார்க்கக் கையை அசைத்துக்கொண்டிருக்க வேண்டாம், பிள்ளையும் அவளைப் பார்த்தால் அடம்பிடிப்பான் என்று அங்கே உட்கார வைத்தார்களாம். பெற்றவள் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு பந்தி பரிமாறுகிறவளைப்போல ஓரத்தில். மாப்பிள்ளை தூணோரமாக நின்றார். கைகள் பைக்குள்.

பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். என்னை அடையாளம் தெரிந்து சிரித்தான். வாழைப்பழத்தை வாயில் கொடுத்து, ஆசாரி ஒரு காதைக் குத்தினார். அவன் ஒரு நொடி திகைத்துப் பார்த்துவிட்டு வீறிட்டான். அடுத்த காதும் ஆயிற்று. மூச்சுப் பிடித்து அழுதான். அழுதுகொண்டே, கண்ணைக் கூட்டத்தில் ஓடவிட்டுக்கொண்டு, உள்ளங்கையால் கன்னத்தில் தட்டினான். பட்பட்பட்டென்று. காதில் ரத்தம் துளிர்த்திருந்தது, அதன்மேலேயே கை பட்டது. அப்படியும் நிறுத்தவில்லை.

"பாருங்க, இந்த வலியிலயும் சாமிய கும்பிடுறான்" என்றார் யாரோ ஒரு ஆன்டி. கூட்டம் உச்சுக்கொட்டியது. இரண்டு பேர் கைதட்டினார்கள்.

என்னால் முடியவில்லை. பிள்ளையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு எழுந்தேன். இன்னும் நலங்கு வைக்கவில்லை, உட்காருங்கள் என்றார்கள். நான் நாற்காலிகளுக்கு நடுவில் நடந்து கடைசி வரிசைக்குப் போய்ப் பிள்ளையைத் தங்கையின் மடியில் வைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், பிறகு யாரையும் பார்க்கவில்லை. அவனுக்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கினாள். வலிக்கிறதா, இங்கேதான் இருக்கிறேன், அம்மா இங்கேதான் இருக்கிறேன். இரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்தக் கையில் வந்தது. அவன் அழுகை விக்கலாகி, விக்கல் குறைந்தது. அவள் கன்னக்குழியைத் தொட்டுப் பார்த்தான்.

அத்தை வேகமாக வந்து, போட்டோ எடுக்கணும், கொடும்மா என்று பிள்ளைக்குக் கையை நீட்டினார். அப்போது மாப்பிள்ளை குறுக்கே வந்து நின்றார். பைக்குள்ளிருந்து கையை எடுத்தார். அந்த வீட்டில் அத்தனை பேருக்கு முன்னால் அவர் பேசி நான் பார்த்தது அன்றுதான். என்னைப் பார்த்து, நான் சொல்வதை அப்படியே சொல் என்றார். நான் சொன்னேன். அவருக்காகச் சொல்லும்போது நான் என்றுதான் சொல்ல வேண்டும், என் வாயிலிருந்து அவர் பேசினார்.

"அவன் சாமி கும்பிடலம்மா. அவங்க அம்மாவ பேர் சொல்லி கூப்பிடுறான். ரெண்டு மாசமா கூப்பிடுறான். நீங்க எல்லாம் கைய தட்டுறீங்க. பேச்சு வந்தா கூட்டிட்டு போன்னு சொன்னீங்க. அவனுக்கு பேச்சு எப்பவோ வந்துடுச்சி. நான் கூட்டிட்டு போறேன்."

நாத்தனார் தன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார். அத்தை மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் தட்டித் தட்டி அடக்கிய கை. அது நின்ற பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் திரும்பினார். குரல் இறங்கிப் போயிருந்தது.

"தம்பி, ஆளாளுக்கு கையில ஒரு பேரு இருக்குன்னீங்களே. எம்மவன் எனக்கு என்ன பேரு வச்சிருக்கான், கேளுங்க."

கேட்டேன். மாப்பிள்ளைக்குச் சொல்ல மனமில்லை. தங்கையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், வேண்டாம் என்று எனக்குத் தலையாட்டினார். அத்தை விடவில்லை. மகனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, சொல்லு என்றார். அவர் மெதுவாகக் கையைத் தன் வாய்க்கு முன்னால் கொண்டுபோனார். நான்கு விரலையும் கட்டை விரலையும் சேர்த்து, திறந்தார், மூடினார், திறந்தார், மூடினார். ஓயாமல் அசைகிற ஒரு வாய். அவ்வளவுதான் பெயர்.

நான் அதற்கு விளக்கம் சொல்லவில்லை. அத்தை எதையோ சொல்ல வாயைத் திறந்தார். திறந்ததை அப்படியே மூடிக்கொண்டு, உள்ளே போய், பிள்ளையின் துணிப் பையை எடுத்துக்கொண்டு வந்தார்.